நெட்டையன் என்னோடு பேசுவதில்லை

அன்புள்ள மச்சான்,

மூன்று மாதமாகப் பதில் போடாததற்குத் திட்டுவாய், திட்டு. அம்மா சுகம். தங்கச்சிக்கு ரெண்டாவதும் பையன். நவம்பர் புயலில் எங்கள் லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, பின்னாலிருந்த மேடு பாதி இறங்கியும் வீடு தப்பியது. இதெல்லாம் உன் அக்கா சொல்லியிருப்பாங்க. நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. நம் கூட்டாளி நெட்டையன் என்னோடு பேசுவதில்லை, இன்றோடு பத்து நாள்.

2025 மே 6ஆம் திகதி அவன் நம் ஊர்ப் பிரதேச சபைக்குத் தெரிவானபோது கேக் வாங்க நீ டோஹாவிலிருந்து காசு அனுப்பினாயே, அந்தக் கேக்கை வெட்டிய கத்தி இப்போது கையில் இருந்தால் என் பக்கம்தான் திருப்புவான். இத்தனைக்கும் நான் செய்தது ஒரு விண்ணப்பம் கொடுத்தது மட்டும்.

தேயிலைத் தோட்டத்தில் கீழ் டிவிஷனுக்குப் போகிற பாதை, நீ சைக்கிளோடு விழுந்த அந்த மதகுக்கிட்ட, புயலில் அப்படியே அறுந்து போச்சு. கொழுந்து லொறி சுற்றிப் போகிறது, பிள்ளைகள் கயிறு பிடித்து இறங்கிப் பள்ளிக்கூடம் வருகிறார்கள். தோட்டத்தில் கேட்டால் அது சபையின் பாதை என்கிறார்கள், சபையில் கேட்டால் தோட்டத்துப் பாதையாம். பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் வந்தார், பார்த்தார், படம் எடுத்தார்கள், போனார். உனக்கு இது தெரியுமோ தெரியாது, 2018இல் திருத்தும்வரை 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டமே தோட்டத்துக்குள் சபையின் காசைச் செலவழிக்கத் தடையாக இருந்தது. அதனால் அந்தக் காலத்து உறுப்பினர்கள் "எங்களுக்கு அதிகாரம் இல்ல" என்று சொன்னது பொய்யில்லை. சட்டம் மாறிவிட்டது, வாய்ப்பழக்கம் மாறவில்லை.

சரி, வாயால் கேட்டு என்ன பயன் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கொடுத்தேன். ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாளுக்குள் தருவோமா மாட்டோமா என்று அவர்கள் சொல்லியாக வேண்டும். மூன்று கேள்வி. அந்தப் பாதை யாருடைய பதிவில் இருக்கிறது? புயலுக்குப் பிறகு அதைப் பற்றிச் சபையில் யாராவது பிரேரணை கொண்டுவந்தார்களா? எந்த உறுப்பினர் எத்தனை கூட்டத்துக்கு வந்தார்? அந்த மூன்றாவதுதான் வினை.

அன்று சாயங்காலமே வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தினான். "என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேடா, எழுத்துல கேட்டு என்னையும் கள்ளனோட சேர்த்துட்டியே" என்றான். அம்மா போட்ட தேத்தண்ணியைக்கூடத் தொடவில்லை. நெட்டையன் தேத்தண்ணியைத் தொடவில்லை என்றால் நிலைமையை நீயே யோசித்துக்கொள்.

இந்த நேரத்தில்தான் உன் ஏழு நிமிஷ வாய்ஸ் மெசேஜ் வந்து சேர்ந்தது. அரசியல்வாதிக்குச் சம்பளமே கொடுக்கக்கூடாது, எல்லாத்தையும் வெட்ட வேண்டும் என்று. வெட்டத்தானே செய்கிறார்கள். 2025 செப்டம்பரில் முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைகளை நீக்கும் சட்டத்துக்கு 151 பேர் ஆதரவு, ஒரே ஒருவர் எதிர்ப்பு. மறுநாளே மஹிந்த ராஜபக்ஷ கொழும்பு விஜேராமவில் இருந்த அரசாங்க வீட்டைக் காலி செய்தார், இங்கே டவுனில் வெடி கொளுத்தாத குறை. பாராளுமன்றச் சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 450 ரூபா கொடுத்தவர்கள் இப்போது 2,000 கொடுக்கிறார்கள். ஐந்து வருஷம் இருந்தால் போதும், சாகும்வரை ஓய்வூதியம் என்று 1977இல் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்களே, அதையும் எடுக்க 2026இல் சட்டம் கொண்டுவந்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் கணக்கைக் கொஞ்சம் பார். பாராளுமன்ற உறுப்பினரின் மாதக் கொடுப்பனவு 54,285 ரூபா. 2025இல் இருந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் உன் அக்கா நாற்பது நாள் கொழுந்து பறித்தால் கிட்டத்தட்ட அந்தக் காசு. பெரிய காசா என்று கேட்டால், இல்லை. போன், ஆபீஸ், எரிபொருள் என்று தனித்தனியாக வருவதும், ஒரு காலத்தில் வரியில்லாத வாகன பர்மிட்டை விற்றுப் பார்த்த கோடிகளும்தான் பெரிய காசு. 2026 பட்ஜெட்டில் தோட்டத்து நாட்சம்பளம் 1,550, அதோடு வருகைக்கு அரசாங்கம் 200 என்றார்கள். வேலைக்கு வந்ததற்கு உன் அக்காவுக்கு 200. பாராளுமன்றத்துக்கு வந்ததற்கு உறுப்பினருக்கு 2,500. அக்கா வந்தால் மட்டும் போதாது, கிலோ குறைந்தால் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். பாராளுமன்றத்தில் அரைப்பேர் வாங்கிய ஒருவரை நீ கேள்விப்பட்டிருக்கிறாயா?

அவர்களுக்கும் வேலையை நிறுத்துத்தான் காசு கொடுக்க வேண்டும் என்று நான் பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் பெருமையாகச் சொன்னேன். கணக்குப் படிப்பிக்கிற சேர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எதைத் தம்பி தராசுல போடுவ?" என்றார். கேள்வி எத்தனை கேட்டார் என்று நிறுத்தால் எதையாவது கேட்டு எண்ணிக்கையை ஏற்றுவார்கள், பேசிய நிமிஷத்தை நிறுத்தால் கேட்கவே வேண்டாம், தண்ணி தெளித்த கொழுந்து மாதிரி பாரம் மட்டும் ஏறும். மனுஷன் சொன்னது ராத்திரியெல்லாம் மண்டையில் சுற்றியது. நமக்கே தெரியாதே மச்சான், இவர்கள் வேலை என்னவென்று. சட்டம் பார்ப்பது, காசு எங்கே போகிறது என்று பார்ப்பது, அமைச்சரைக் கேட்பது, அதற்குத்தான் அனுப்புகிறோம். நாம் கேட்பதோ கூரைத் தகரம், மரண வீட்டுக்குப் பந்தல், பையனுக்கு வேலைக்குக் கடிதம். கொடுத்தவன் நல்லவன், கொடுக்காதவன் கள்ளன்.

என் தாத்தா 1947இல் ஓட்டுப் போட்டவர். அந்தத் தேர்தலில் மலையகத்திலிருந்து நம்மவர்கள் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த வருஷமே நம் குடியுரிமையைப் பறித்த பிரஜாவுரிமைச் சட்டம், அதற்கடுத்த வருஷம் ஓட்டும் போச்சு. மறுபடி நம்மாள் ஒருவர் ஓட்டால் ஜெயித்துப் போனது 1977இல். நடுவில் முப்பது வருஷம் யாராவது நமக்காகப் பேச மாட்டார்களா என்று கையேந்தி நின்றோம். தொழிற்சங்கத்துக்குச் சந்தாவும் செக்ரோலில், சம்பளப் பதிவிலேயே, வெட்டிக் கொடுத்தோம். அந்தச் சங்கத்துத் தலைவரே மந்திரியாகவும் ஆனபோது, சம்பளம் போதவில்லை என்று யாரிடம் போய் முறையிடுவது? தாத்தா கடைசிவரை ஓட்டுக் கேட்டு வந்தவர்களைக் கும்பிட்டுத்தான் அனுப்பினார். எனக்கு அப்போது சிரிப்பாக இருந்தது, இப்போது இல்லை.

அதனால் சம்பளமே வேண்டாம் என்கிற உன் பேச்சுக்கு நான் வரமாட்டேன். சும்மா வேலை செய்ய யார் வருவான்? கொந்தராத்துக்காரன் வருவான், பெட்ரோல் செட் முதலாளி வருவான். நெட்டையனால் முடியாது. அவன் கதையைக் கேள். மாதக் கொடுப்பனவு பெட்ரோலுக்கும் மரண வீட்டு மொய்க்குமே சரியாகப் போகிறது. கூட்ட நாளில் ஆட்டோவுக்கு ஹயர் இல்லை, வாடகைக் காசு இல்லை. புயல் கிழமையில் ராத்திரி பகலாக ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கியவன், ஒருவரிடமும் அஞ்சு சதம் வாங்கவில்லை, அதை நான் கண்ணால் பார்த்தேன். அப்படிப்பட்டவனிடம்தான் நீ எத்தனை கூட்டத்துக்குப் போனாய் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். அவனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆனாலும் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கவில்லை. அவன் அம்மா வந்து கேட்டும் வாங்கவில்லை. நல்லவனாக இருப்பது வேறு, சபையில் கையைத் தூக்கி அந்தப் பாதையைப் பற்றி ஒரு பிரேரணை கொண்டுவருவது வேறு. கூட்டாளி என்பதால் அவனிடம் கேட்காமல் விட்டால், மற்றவர்களிடம் கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது? இதை எழுதும்போதே நீ "பெரிய காந்தி" என்று சிரிப்பது கேட்கிறது. சிரி.

நேற்று ஒன்று நடந்தது. ஹட்டனுக்குப் போக மழையில் சந்தியில் நின்றேன். பஸ் இல்லை. நெட்டையனின் ஆட்டோ என்னைத் தாண்டிப் போய், நின்று, பின்னால் வந்தது. "ஏறு" என்றான். வழியெல்லாம் ஒரு வார்த்தை இல்லை, வைப்பர் சத்தம் மட்டும். இறங்கும்போது பழக்கத்தில் அப்படியே நடந்தேன். "ஹலோ சேர்" என்று கூப்பிட்டுக் கையை நீட்டினான். நாம் ஓ.எல். பரீட்சை எழுதிய காலத்திலிருந்து என்னிடம் ஒரு சதம் வாங்காதவன், முழு ஹயரும் எண்ணி எடுத்துக்கொண்டு மிச்சத்தையும் கொடுத்தான். திரும்பிப் போகும்போதுதான் சொன்னான், "பதில் செவ்வாய்க்கிழமை வரும். நான் ரெண்டு கூட்டத்துக்குப் போகல்ல."

செவ்வாய் முடிந்ததும் எழுதுகிறேன். நீ அவனுக்கு ஒரு போன் எடு, நான் சொன்னதாகச் சொல்லாதே.

உன்,
கட்டையன்