செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாலைநேரத் தமிழ் வகுப்பும் நவராத்திரி விழாவும் குறைவின்றி நடந்தன. பதிவாளர் அலுவலகத்துக்கு ஆண்டுக் கணக்கு உரிய காலத்தில் போய்விட்டது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் பேச வேண்டியது வெள்ளத்தைப் பற்றியும் அது நமக்குக் கற்றுக்கொடுத்ததைப் பற்றியும்தான்.

ஜனவரி 15, பொங்கல் நாள். அன்றுதான் பெலால் புயல் மழை நம் மொரீஷியஸின் தலைநகர் போர்ட் லூயிஸ் தெருக்களை ஆறாக்கிக் கார்களைப் புரட்டிப்போட்டது. 2013 மார்ச் 30 வெள்ளத்தில் இதே நகரில் 11 உயிர்களைப் பறிகொடுத்தவர்கள் நாம். ஆகவே யாரும் அழைக்காமலே உறுப்பினர்கள் மன்றத்துக்கு ஓடிவந்தார்கள். தைப்பூசத்துக்குப் பத்தே நாள் இருந்தது. வாழையிலையில் ஏழு கறி பரிமாறுவதற்காகத் துலக்கி வைத்திருந்த அண்டாக்கள் முன்கூட்டியே அடுப்பேறின. அரிசி, பருப்பு, எண்ணெய் என்று பொட்டலம் கட்டிக் கொடுத்தோம். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் மூன்றாம் நாள் ஒரு சந்தில் நான் கண்டதைச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு வீட்டுத் திண்ணையில் மூன்று அரிசி மூட்டைகள் இருந்தன. ஒன்று நாம் கொடுத்தது, மற்ற இரண்டும் வேறு இரு குழுக்கள் கொடுத்தவை. நான்கு வீடு தள்ளி, சந்தின் கடைசியில், நடக்க முடியாத ஒரு பாட்டி தனியாக இருந்தார். சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக்கோடு. மின்சாரம் இல்லாததால் இன்சுலின் மருந்தை ஈரத்துணியில் சுற்றி மண்சட்டிக்குள் வைத்திருந்தார். நான் நீட்டிய பொட்டலத்தைப் பார்த்து, “அரிசி இருக்கிறது தம்பி, இந்த மருந்து கெட்டுப்போயிருக்குமா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அடுத்த தெருத் தேவாலயக் குழுவில் ஒரு செவிலியர் இருந்தார். அவருக்குத் தெரிந்திருக்கும். அவருக்கோ இப்படி ஒரு பாட்டி இருப்பதே தெரியாது.

அந்த வாரமே தேவாலயக் குழுவையும் பள்ளிவாசல் இளைஞர்களையும் பெண்கள் சங்கத்தையும் நம் கூடத்துக்கு அழைத்தோம். பேச்சு நம் தீவின் பொதுமொழியான கிரியோலில் நடந்தது, குறிப்பு ஒரே நோட்டுப் புத்தகத்தில் ஏறியது. எந்தச் சந்தில் யார் தனியாக இருக்கிறார்கள், அவசரத்தில் எந்தக் குழுவைக் கூப்பிடுவது என்பதை மட்டும் எழுதினோம். நோயை எழுதக் கூடாது என்று செவிலியர் உறுதியாகச் சொன்னார், அது சரியான வார்த்தை. சமையல் நம் பொறுப்பு, வண்டி பள்ளிவாசல் இளைஞர்களுடையது, மருந்து விசாரிப்பது செவிலியர். பெண்கள் சங்கத்துக்குத் தெரியாத வீடே இப்பகுதியில் இல்லை. நோட்டில் பாதிப் பெயர்கள் அவர்கள் தந்தவை.

இது நமக்குப் புதிதும் அல்ல. 2020இல் வகாஷியோ கப்பல் தரைதட்டி ஏறத்தாழ 1,000 டன் எண்ணெய் கடலில் கொட்டியபோது, மாயேபூர் கரையில் கரும்புத் தோகையைத் துணியிலும் வலையிலும் அடைத்துத் தைத்து மிதவைத் தடுப்புகள் செய்தார்களே, பக்கத்தில் ஊசி பிடித்தவர் எந்தச் சங்கம் என்று அங்கே யார் கேட்டார்கள்? கரை சுத்தமானதும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டோம். அந்தத் தொடர்பைக் காப்பாற்றாமல் விட்டது என் மனத்தில் இன்னமும் உறுத்துகிறது.

பணம்தான் நம்மைப் பிரிக்கிறது. நிறுவனங்கள் இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டும் என்ற விதி 2009இல் வந்தது. அந்த நிதிக்கு விண்ணப்பிக்கும்போது பக்கத்துச் சங்கம் போட்டியாளராகிவிடுகிறது, நம்மிடம் உள்ள பட்டியலை மறைக்கத் தோன்றுகிறது. பொட்டலத்தில் மன்றத்தின் பெயர் இல்லையே என்று உறுப்பினர்கள் சிலர் வருத்தப்பட்டதும் எனக்குத் தெரியும். அவர்கள் இரவெல்லாம் கண்விழித்துச் சமைத்தவர்கள், வருத்தம் நியாயமானது. ஆனாலும் பெயர் போடாத பொட்டலம்தான் சரியான வீட்டுக்குப் போனது என்பதை நான் நேரில் பார்த்தேன்.

இப்போது நான்கு குழுக்களும் மாதம் ஒருமுறை கூடுகின்றன. நவம்பரில் நடந்த சர்க்கரை நோய்ப் பரிசோதனை முகாமுக்குப் பாட்டியைப் பள்ளிவாசல் இளைஞர்கள் வண்டியில் அழைத்துவந்தார்கள்.

அண்டா, பாய், பந்தல் சாமான்களை மற்ற மூன்று குழுக்களுக்கும் வாடகையின்றித் தரவும், அடுத்த விண்ணப்பத்தை நால்வரும் சேர்ந்து அனுப்பவும் நம் விதிமுறையில் திருத்தம் தேவை. திருத்த வரைவு உங்கள் கையில் இருக்கிறது. அதை வாக்கெடுப்புக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்