திரைக்குப் பின்னால் மேடை இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய தியேட்டர்கள் பற்றிய உங்கள் கட்டுரை, சினிமா வந்துதான் நாடகத்தை அழித்தது என்கிறது. பாதி சரி. ஆனால் நாடகம் நடந்த சில கட்டடங்கள் இன்றைக்கும் நிற்கின்றன என்றால் அதற்கும் அதே சினிமாதான் காரணம், அதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

கொழும்பு மருதானை டவர் மண்டபத்தையே எடுங்கள். ஹென்ட்ரிக் செனெவிரத்ன கட்டிய அரங்கு, 1911 டிசம்பர் 6ஆம் தேதி 'பண்டுகாபய' நாடகத்துடன் திறந்தது. அங்கே ஆடியது நூர்த்தி. பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் கம்பனிகளைப் பார்த்து வளர்ந்த சிங்கள இசை நாடகம் அது. நம்முடைய இசை நாடகத்துக்கும் ஒரு ஊற்று அந்தப் பார்சிக்காரர்தான். ஹார்மோனியம், வரைந்த சீன்கள், பாட்டிலேயே நகரும் கதை எல்லாம் இரண்டு பக்கமும் உண்டு. யாழ்ப்பாணத்து இசை நாடகக் கலைஞர் நடிகமணி வைரமுத்துவின் அரிச்சந்திரனைப் பார்த்துக் கண்கலங்கிய நம் பெரியவர்களும் மருதானையில் டிக்கெட் எடுத்துப் போனவர்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி மேடையின் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இதை இரண்டு தரப்பும் மறந்துவிட்டது எனக்குப் பெரிய மனக்குறை.

அப்புறம் பேசும்படம் வந்தது, கம்பனிகள் சரிந்தன, டவர் மண்டபம் படமாளிகை ஆனது. பல வருடம் அப்படியே ஓடி, 1978இல், பின்னாளில் ஜனாதிபதியான பிரேமதாசவின் முயற்சியில் அதற்கென்றே தனிச் சட்டம் போட்டு மீண்டும் நாடக அரங்காக்கினார்கள். பம்பாயிலும் இதே கதைதான். அதே 1911இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் திறந்துவைத்த ரோயல் ஒபரா ஹவுஸ் 1935இல் சினிமாவுக்கு மாறி, 1993இல் பூட்டப்பட்டு, 2016இல் திருத்தித் திறக்கப்பட்டது. படம் ஓட்டிய வருடங்களில் டிக்கெட் காசு வந்திருக்காவிட்டால் இரண்டும் எப்போதோ கடைத்தொகுதி ஆகியிருக்கும் என்பது என் எண்ணம்.

ஒரு நாடக அரங்கைப் படமாளிகை ஆக்கும்போது உண்மையில் என்ன மாற்றினார்கள் என்று பாருங்கள். மேடைக்கு முன்னால் வெள்ளைத்திரை. பின் சுவரில் படம் ஓட்டுகிற ஒப்பரேட்டர் அறை. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் அதைத் தடித்த சுவரோடு, படம் விழச் சின்னச் சதுர ஓட்டை மட்டும் விட்டுக் கட்டுவார்கள். திரையில் ஊசிமுனை அளவு துளைகள் இருக்கும், பின்னால் வைத்த ஸ்பீக்கரின் சத்தம் அதன் வழியாகத்தான் நமக்கு வரும். அந்த ஸ்பீக்கர் நின்றது எங்கே? பழைய மேடையில்! கலரி, பல்கனி எல்லாம் நாடகக் காலத்து ஏற்பாடுகள், அவற்றில் பெரிதாகக் கைவைக்கவில்லை. துணியைக் கழற்றினால் மேடை கிடைக்கும், அவ்வளவுதான்.

திருகோணமலைக்காரன் இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நம்ம ஊரில் ஒரு தியேட்டர் மூடினால் அடுத்த பேச்சே அது களஞ்சியமா, புடவைக்கடையா என்பதுதான். மாகாண சபையின் தலைமையகம் இங்கே இருக்கிறது, பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் இருக்கிறது, அவர்கள் நினைத்தால் அதை நாடக அரங்காக்கலாம். கூத்து வட்டக்களரியில், அதாவது திறந்தவெளி வட்டக் களத்தில், ஆட வேண்டியது, அதற்கு மண்டபம் தேவையில்லை என்று சம்பூர், கட்டைபறிச்சான் பக்கத்து அண்ணாவிமார் (கூத்துப் பழக்கும் ஆசான்கள்) சொன்னால் நான் ஒத்துக்கொள்வேன். ஆனால் இசை நாடகத்துக்கும் பாடசாலைப் பிள்ளைகளின் நாடகத்துக்கும் நடிகர் மறைந்து நிற்க மேடையோரத்தில் விங்ஸ் வேண்டும், தொங்கவிட்ட லைட் வேண்டும், கடைசி வரிசைக்கும் மைக் இல்லாமல் குரல் கேட்க வேண்டும். எதிரொலிக்கிற பொது மண்டபத்தில் பிள்ளைகள் மைக்கைச் சுற்றி நின்று வசனம் பேசுவதைப் பார்க்கவே பாவமாக இருக்கிறது.

ஆகவே உங்கள் பத்திரிகை ஒன்று செய்யலாம். அடுத்த முறை மூடிய தியேட்டரைப் பற்றி எழுத வரும் நிருபர் வாசலில் நின்று போட்டோ எடுத்துவிட்டுப் போகாமல், உரிமையாளரிடம் கேட்டு உள்ளே போய், திரைக்குப் பின்னால் எத்தனை அடி ஆழம் இருக்கிறது, கூரை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து எழுதட்டும். குத்தகைக்குத் தருவாரா என்றும் கேட்டுப் போடுங்கள். திணைக்களத்துக்குக் கடிதம் எழுத நாங்கள் சிலர் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருகோணமலை