தேதி தெரியாமல் தொடை எலும்பை அளந்து பயனில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கருத்தரித்ததை மூன்று மாதம் முடிவதற்குள் வெளியே சொல்லக்கூடாது என்ற வழக்கம் ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத் தோட்டங்களில் இன்னும் இருக்கிறது. ஊராரிடம் சொல்ல வேண்டாம், ஆனால் கிளினிக்கில் உடனே சொல்லிவிட வேண்டும். கருவிலிருக்கும் குழந்தையின் எலும்பிலோ முகத்திலோ உள்ள பிறவிக் குறையை ஸ்கேனில் கண்டுபிடிக்க இந்தத் தாமதம் பெரிய தடை.

20 வாரத்தில் தொடை எலும்பு ஏறக்குறைய 33 மில்லிமீட்டர் இருக்கும். அந்தக் கட்டத்தில் வாரத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். கடைசி மாதவிடாய்த் தேதி இரண்டு வாரம் பிசகினால் கணக்கு 6 மில்லிமீட்டர் பிசகும். நல்ல எலும்பு குட்டையாகத் தெரியலாம், குட்டை எலும்பு சரியானதாகவும் தெரியலாம். 14 வாரத்துக்குள் உச்சந்தலை முதல் புட்டம் வரை அளந்தால் கருவின் வயது ஒரு வாரத்துக்குள் துல்லியமாகக் கிடைக்கும். ஐந்தாம் மாதத்தில்தான் முதல் ஸ்கேன் என்றால், தலை, வயிறு, தொடை மூன்றையும் சேர்த்து மெஷின் சராசரி வயது போடும். தொடை குட்டையாக இருந்தால் அதுவே வயதைக் குறைத்துக் காட்டி, தன் குறையை மறைத்துவிடும். அப்படித் தாமதமாக வந்தவர்களுக்குத் தலைச் சுற்றளவை வைத்து வயதைக் கணித்து, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி அளப்பதே நல்லது.

விரிவான ஸ்கேனுக்கு ஏற்ற காலம் 18 முதல் 22 வாரம். எலும்பின் இரு முனைகளும் திரையில் தெளிவாகத் தெரிய வேண்டும். சாய்வாகப் பிடித்தால் அளவு குறையும். தொடை குட்டை என்றதும் பதறத் தேவையில்லை. பெற்றோர் உயரம் குறைந்தவர்களாக இருக்கலாம், நஞ்சுக்கொடி சரியாக ஊட்டாமலும் இருக்கலாம். ஆனால் மேற்கை, முன்கை, கெண்டைக்கால் எலும்புகளையும் நெஞ்சையும் பார்க்காமல் விடக்கூடாது. தொடை நீளத்தை வயிற்றுச் சுற்றளவால் வகுத்தால் 20 வாரத்தில் 0.22 அளவில் வரும். அது 0.16க்குக் கீழே போய், நெஞ்சும் ஒடுங்கியிருந்தால் நுரையீரல் வளர இடமில்லை என்று பொருள். பெரும்பாலும் உயிருக்கே ஆபத்தான எலும்பு வளர்ச்சிக் குறையான தானடோஃபோரிக் டிஸ்ப்ளேசியாவில் இப்படித்தான் இருக்கும். ஸ்கேன் கருவியை இலேசாக அழுத்தியதுமே மண்டையோடு அமுங்கி, எலும்புகள் ஒடிந்து வளைந்திருந்தால், எலும்பு எளிதில் முறியும் ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டாவை நினைக்க வேண்டும்.

கை கால் குட்டையாகி உயரம் குறையும் அகோண்ட்ரோப்ளேசியா வேறு விதம். 20 வாரத்தில் தொடை பெரும்பாலும் சரியாகவே இருக்கும்; 24 வாரத்துக்குப் பிறகுதான் பின்தங்கும். இக்குழந்தைகளில் 80 விழுக்காட்டினர் சராசரி உயரமுள்ள பெற்றோருக்கே பிறக்கிறார்கள். "எங்கள் இரு குடும்பத்திலும் யாரும் குள்ளமில்லை" என்பது உத்தரவாதம் ஆகாது.

முகத்தில் மூக்கும் மேலுதடும் முன்பக்கமாகவும், நெற்றியும் தாடையும் பக்கவாட்டிலும் பார்க்கப்பட வேண்டும். இரு கண்குழிகளும் தெரிய வேண்டும். உதட்டுப் பிளவு இதில் தெரியும். அண்ணம் மட்டும் பிளந்திருந்தால் நாக்கும் எலும்பின் நிழலும் மறைத்துவிடும், தேர்ந்த கைக்கும் தப்பும். தாடை மிகச் சிறிதாக இருந்தால் பிறந்ததும் நாக்கு பின்னே விழுந்து மூச்சை அடைக்கலாம். பனிக்குட நீர் கூடுவதும் இதற்கு ஓர் அறிகுறி. அத்தகைய பிரசவத்தைக் குழந்தை நிபுணர் பக்கத்தில் இருக்கும் பெரிய மருத்துவமனையில் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். குழந்தை கவிழ்ந்தோ முகத்தைக் கையால் மறைத்தோ இருந்தால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். அவசியம் போங்கள், ஒரு நாள் சம்பளம் போனாலும்.

வலிப்புக்கு வால்ப்ரோயேட், செயற்கை இதய வால்வுக்கு வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இம்மருந்துகள் கருவின் முகத்தையோ எலும்பையோ பாதிக்கலாம்; ஆனாலும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. தாய்மாமன், அத்தை மகன் உறவில் திருமணம் என்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். சில எலும்பு நோய்களில் தாய் தந்தை இருவரும் ஒரே பழுதான மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. உதட்டுப் பிளவுக்குக் கிரகணத்தின் மேல் பழிபோட்டு மருமகளைக் குற்றவாளியாக்குவது கொடுமை. கரு உருவான ஏழாவது வாரவாக்கில் உதடு கூடி முடிந்துவிடுகிறது.

குழந்தை இறந்தே பிறந்தால், அடக்கத்துக்கு அவசரப்படாமல் உடல் முழுவதற்கும் எக்ஸ்ரே எடுக்கவும், மரபணுச் சோதனைக்கு மாதிரி எடுக்கவும் கேளுங்கள். கோலாலம்பூர் மருத்துவமனையின் மரபியல் பிரிவு போன்ற இடத்துக்கு அந்தப் படமும் அறிக்கையும் போய்ச் சேர்ந்தால்தான், அடுத்த பிள்ளைக்கு இது வருமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மகப்பேற்றுத் தாதியர் இருவர்,
ஊத்தான் மெலிந்தாங், பேராக்.