சத்தப் பிரிவில் சேர்ந்திருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பேசியபோது உன் குரலில் ஒரு சோர்வு இருந்தது. "டர்பைன் பிரிவு கிடைக்கும்னு நினைச்சேன்ப்பா, சத்தப் பிரிவுல போட்டுட்டாங்க" என்றாய். எரிபொருளை மிச்சப்படுத்துகிறவர்கள்தான் விமான இன்ஜினைச் செய்கிறவர்கள், சத்தத்தைக் குறைக்கிறவர்கள் ஓரத்தில் நிற்பவர்கள் என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. அப்போது எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கைவைத்த முதல் விமானம் போயிங் 737-200. அதன் ஜேடி8டி இன்ஜின் குழாய் போல ஒல்லியாக நீண்டிருக்கும். முன்பக்க விசிறியின் விட்டம் சுமார் ஒரு மீட்டர்தான். உள்ளே போகும் காற்றில் ஏறக்குறைய பாதி, எரியும் பகுதி வழியாகப் போகும். மீதி அதைச் சுற்றிக்கொண்டு போகும். சுற்றிப் போகும் காற்றை நடுவில் போகும் காற்றால் வகுத்தால் வருவதுதான் பைபாஸ் விகிதம்; இதில் அது ஒன்று. இன்று ஏ320 நியோவில் வரும் கியர் வைத்த இன்ஜினின் விசிறி இரண்டு மீட்டருக்கும் மேல். நடுவில் ஒரு பங்கு காற்று போனால் சுற்றி ஏறத்தாழ 12 பங்கு போகிறது. இந்த ஒன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்தான் நீ கேட்டதற்கான பதில் இருக்கிறது.

ஒரே அளவு உந்துவிசையை இரண்டு விதமாகப் பெறலாம். கொஞ்சம் காற்றை மிக வேகமாகத் தள்ளலாம், அல்லது நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளலாம். ஆனால் காற்றுக்குக் கொடுக்கும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுகிறது. வேகமாகப் பின்னால் பாயும் காற்று தன்னோடு எடுத்துக்கொண்டு போகும் ஆற்றலுக்கும் நாம்தான் எரிபொருள் எரித்திருக்கிறோம். ஒரு கிலோ எரிபொருள் எரிந்தால் 3 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. சத்தத்தின் கணக்கு இன்னும் கடுமை. ஜெட் காற்றின் சத்த ஆற்றல் அதன் வேகத்தின் எட்டாம் அடுக்கில் ஏறுகிறது என்று பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஜேம்ஸ் லைட்ஹில் 1952-இல் எழுதினார். வேகம் பாதியானால் 256-இல் ஒரு பங்குதான் மிஞ்சும். எரிபொருள் வீணாவதற்கும் காது கிழிவதற்கும் வேர் ஒன்றே, அந்தத் தேவையில்லாத வேகம். உன் பிரிவும் டர்பைன் பிரிவும் ஒரே வேரைத்தான் இரண்டு பக்கமிருந்து தோண்டுகின்றன.

என் வலது காது உனக்குத் தெரியும். அந்த நாட்களில் நான் வேலை பார்த்த இடத்தில் எல்லோருக்கும் போதுமான காதுமூடிகள் இருந்ததில்லை. தரையில் இன்ஜினை ஓட்டிச் சோதிக்கும்போது பக்கத்தில் நிற்போம். சத்தம் காதில் விழுவதற்கு முன்பே நெஞ்சில் அதிரும். இரவு வீட்டுக்கு வந்தால் காதுக்குள் ஒரு விசில் ஓடிக்கொண்டே இருக்கும். அது இன்றுவரை நிற்கவில்லை. ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன் புதிய இன்ஜின் ஒன்று ஓடும்போது அருகில் நின்றேன். மூடி போட்டுக்கொண்டுதான், ஆனாலும் வித்தியாசம் உடம்புக்கே தெரிந்தது. கண் கலங்கிவிட்டது எனக்கு.

அந்த மாற்றம் சுலபமாக வரவில்லை. பெரிய விசிறி மெதுவாகச் சுற்ற வேண்டும். இல்லையென்றால் விசிறி இறக்கையின் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டி, மரம் அறுக்கிற மாதிரி இரைச்சல் போடும். அதை ஓட்டுகிற, சூடான வாயுவில் சுழலும் டர்பைனோ வேகமாகச் சுற்றினால்தான் திறமையாக வேலை செய்யும். இரண்டுக்கும் நடுவில் கியர் போட்டால் தீர்ந்தது என்று சொல்வது எளிது. அவ்வளவு சக்தியைத் தாங்கி, சூடேறாமல், வருடக்கணக்கில் ஓடும் கியரைப் பெரிய பயணிகள் விமானத்துக்குக் கொண்டுவர 2016 வரை ஆயிற்று. விசிறி இறக்கையின் கதையும் அப்படித்தான். கார்பன் இழையில் செய்த இறக்கைகள் ரோல்ஸ் ராய்ஸின் ஆர்பி211-இல் பறவை மோதும் சோதனையைத் தாங்கவில்லை, டைட்டானியத்துக்குத் திரும்பினார்கள். அந்த இன்ஜினின் செலவிலேயே 1971-இல் அந்தப் பெரிய நிறுவனம் திவாலானது. 1995-இல் ஜெனரல் எலக்ட்ரிக் (ஜிஇ) நிறுவனத்தின் ஜிஇ90 இன்ஜின் அதே கார்பன் இழை இறக்கைகளோடு பயணிகளை ஏற்றிக்கொண்டு பறந்தது.

ஆனால் எல்லா இடத்திலும் எரிபொருளும் சத்தமும் கைகோத்துப் போகாது. உன் வேலை கனக்கப்போவது அங்கேதான். இன்ஜினின் பின்விளிம்பில் பல் பல்லாக வெட்டினால் சத்தம் குறையும், உந்துவிசையில் கொஞ்சம் போகும். விசிறியைச் சுற்றியிருக்கும் உறையின் உள்சுவரில் தேன்கூடு போல அறைகள் கொண்ட அடுக்கு வைத்தால் விசிறியின் சத்தத்தை விழுங்கும், எடை கூடும். அப்புறம், உறையே இல்லாத திறந்த விசிறி. 1986-இல் ஜிஇ அப்படி ஒன்றை போயிங் 727-இல் பொருத்திப் பறக்கவிட்டது. எண்ணெய் விலை இறங்கியிருந்ததால் பிறகு ஆர்வமும் இறங்கியது. இப்போது சிஎஃப்எம் நிறுவனம் ரைஸ் என்ற பெயரில் 2021 முதல் மறுபடி முயல்கிறது, எரிபொருளில் 20 சதவீதத்துக்கு மேல் குறைக்கும் குறிக்கோளோடு. உறை இல்லையென்றால் தேன்கூட்டை எங்கே ஒட்டுவது? அந்தக் கேள்விக்கு விடை காண வேண்டியவர்கள் உன் பிரிவுக்காரர்கள்தான்.

கூட்டத்தில் யாராவது "ஒரு டெசிபல்தானே, விட்டுவிடலாம்" என்று சொல்லும்போது நீ வாய் திறக்க வேண்டும். விமானத்தின் சத்தச் சான்றிதழுக்காக ஓடுபாதைப் பக்கம், ஏறும் பாதைக்குக் கீழே, இறங்கும் பாதைக்குக் கீழே என்று மூன்று இடத்தில் சத்தத்தை அளக்கிறார்கள். அந்த இடங்களில் தூங்குகிற குழந்தைகளும் பாடம் நடத்துகிற ஆசிரியர்களும் உங்கள் கூட்டத்துக்கு வரப்போவதில்லை. அவர்களுக்காக நீ பேசு, கணக்கோடு பேசு.

சரி, முதல் வேலையாக அந்தத் தேன்கூடு அடுக்கைத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்றாய் அல்லவா? மேல்தகட்டில் துளை எவ்வளவு பெரிது, அறை எவ்வளவு ஆழம், எந்தச் சுருதிக்கு எந்த அளவு என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? எனக்கு முழுதாகத் தெரிய வேண்டும். போனில் வேண்டாம்மா, எண்கள் என் காதில் தவறிப்போகின்றன. எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா