மூன்று மி.மீ. கண்ணாடி இரண்டு, நடுவில் ஒன்றுமில்லை

எடின்பரோ,
ஜனவரி கடைசி ஞாயிறு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் போடத் தாமதமானதற்கு இந்தத் தடவை சோம்பல் காரணமில்லை. நீ கேட்டிருந்த சமாச்சாரமே என் வீட்டு ஜன்னலில் பழுதாகி நின்றது. அதைச் சரிபண்ணிவிட்டு எழுதலாம் என்றிருந்தேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். விட்டேன் என்று பொய் சொல்லுவார்கள், எனக்குத் தெரியும்.

கோவை வடவள்ளியில் வீடு கட்டும் உன் கஸ்டமர் நெட்டில் பார்த்துவிட்டு, வேக்வம் கண்ணாடிதான், அதாவது இரண்டு கண்ணாடிக்கு நடுவே காற்றை உறிஞ்சியெடுத்த ஜன்னல் கண்ணாடிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார் என்று எழுதியிருந்தாய். அவரை அப்படியே நிற்கவிடு. முதலில் என் கதையைக் கேள்.

நான் இருப்பது நூற்றைம்பது வருஷத்துக் கல் கட்டடம், மூன்றாவது மாடி. ஜன்னல் நம் ஊர்போல் வெளியே திறக்காது. மேலும் கீழுமாக வழுக்கும். பக்கச் சட்டத்துக்குள் கயிற்றில் இரும்புக் குண்டு தொங்கி, கதவின் எடையைச் சமன் செய்யும். வெறும் 3 மி.மீ. ஒற்றைக் கண்ணாடி. டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும், பிறகு ஜன்னலோரம் உட்கார முடியாது. பழைய கட்டடம் என்பதால் தெருப்பக்கம் தோற்றம் மாறக் கூடாது என்று சட்டம். நீ மாட்டுகிறாயே, நடுவில் இடைவெளி விட்டு இரண்டு கண்ணாடி சேர்த்த 24 மி.மீ. டபுள் கிளேசிங், அது இந்த ஒல்லி மரச் சட்டத்தில் நுழையவே நுழையாது. வேக்வம் கண்ணாடி மொத்தமே ஆறேகால் மி.மீ. கனம். அதனால்தான் அதற்குப் போனேன், பணத்தை மிச்சம் பிடிக்க இல்லை. அதற்கு ஆன செலவைச் சொன்னால் நீ திட்டுவாய்.

தத்துவம் பிளாஸ்க்தான். ஆஸ்பத்திரிக்குக் காபி கொண்டுபோவோமே, அதே பிளாஸ்க். அதைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் டூவார் இந்த ஸ்காட்லாந்துக்காரர்தான். 1892-ல் லண்டனில் செய்தார், காப்புரிமை வாங்காமல் விட்டார், பின்னால் தெர்மோஸ் கம்பெனி அதை விற்றுச் சம்பாதித்தபோது வழக்குப் போட்டுத் தோற்றார். இதையே தட்டையாக ஜன்னலில் செய்யலாமே என்று ஜெர்மனியில் ஸோலர் என்பவர் 1913-லேயே காப்புரிமைக்கு எழுதிக் கொடுத்தார். செய்து காட்ட முக்கால் நூற்றாண்டு ஆனது. 1989-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் காலின்ஸும் ஸ்டீபன் ராபின்சனும்தான் முதன்முதலில் உருப்படியாக ஒன்றைச் செய்தார்கள். 1990களின் கடைசியில் ஜப்பானின் நிப்பான் ஷீட் கிளாஸ் 'ஸ்பேசியா' என்ற பெயரில் கடைக்குக் கொண்டுவந்தது.

ஏன் இவ்வளவு காலம்? பிளாஸ்க் உருளை, வளைவு தானே அழுத்தத்தைத் தாங்கிக்கொள்ளும். தட்டைக் கண்ணாடிக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. உள்ளே காற்றை எடுத்துவிட்டால் வெளிக்காற்று சதுர மீட்டருக்குப் பத்து டன் கணக்கில் இரண்டு பக்கமும் அமுக்கும். இரண்டு கண்ணாடியும் ஒட்டி, உடைந்து போகும். ஆகவே நடுவில் முட்டுக் கொடுக்க வேண்டும். இரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்று என்று அரை மி.மீ. அகலம், 0.2 மி.மீ. உயரத்தில் உலோகப் பொட்டுகள் வைக்கிறார்கள். சதுர மீட்டருக்கு 2500. பத்து டன்னை வகுத்துப் பார், ஒவ்வொன்றின் தலையிலும் நாலு கிலோ.

டிசைன் என்று சொல்வதே இந்தப் பொட்டில்தான் இருக்கிறது. நெருக்கி வைத்தால் கண்ணாடிக்கு நிம்மதி, ஆனால் ஒவ்வொரு பொட்டும் வெப்பம் தாண்டிப் போகும் பாலம். தள்ளி வைத்தால் பாலம் குறையும், கண்ணாடி பொட்டுகளுக்கு நடுவே தொய்ந்து இழுபடும். பொட்டை இன்னும் சிறிதாக்கினால் அது ஊசிபோல் குத்தி விரிசல் விடும். சூடாக்கிச் சட்டென்று ஆறவைத்து உறுதியாக்கிய டஃபன் கண்ணாடி போட்டுப் பொட்டுகளைத் தள்ளி வைக்கலாமே என்பாய். ஓரத்தை மூடும் சால்டர் கண்ணாடியை உருக்க 450 டிகிரி வேண்டும், அந்தச் சூட்டில் டஃபன் கண்ணாடியின் உறுதி இறங்கிவிடும். இதைச் சுற்றிவரத்தான் குறைந்த சூட்டில் ஒட்டும் முறைகளைத் தேடினார்கள். இண்டியம் உலோகத்தை வைத்து 200 டிகிரிக்குள் முடிக்கும் முறை வடக்கு அயர்லாந்தில் உருவானது.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. இடைவெளி எவ்வளவு என்பது பொருட்டே இல்லை. சாதாரண டபுள் கிளேசிங்கில் 12 மி.மீ., 16 மி.மீ. என்று பார்க்கிறோம். இங்கே மிச்சமிருக்கும் காற்று அவ்வளவு சொற்பம். ஒரு மூலக்கூறு இன்னொன்றை முட்ட வேண்டுமானால் பல சென்டிமீட்டர் போயாக வேண்டும். 0.2 மி.மீ.க்குள் அது எங்கே முட்டும்? காற்று வழியாக வெப்பம் போவது நின்றுவிடுகிறது. பொட்டுகளை விட்டால் பிறகு கதிர்வீச்சு ஒன்றுதான், அதற்கு வெப்பக் கதிரைத் திருப்பியனுப்பும் லோ-ஈ பூச்சு. கண்ணாடியிலிருந்தே வருஷக்கணக்கில் வாயு கசியும், அதை உறிஞ்ச உள்ளே ஒரு கெட்டர் வைக்கிறார்கள். உங்கள் அப்பா கடையில் ரேடியோ வால்வின் தலையில் வெள்ளியாக மின்னுமே, அதே கெட்டர்தான். அன்றைக்கு அதைச் சுரண்டிப் பார்க்கிறேன் என்று வால்வை உடைத்து நீ அடி வாங்கினாய், ஞாபகமிருக்கிறதா?

மாட்ட வந்த ஆசாரி கில்லாடி. கண்ணாடி இரட்டிப்புக் கனம் ஆகிவிட்டதால் பழைய குண்டு பத்தாது என்று ஈயக் கட்டி சேர்த்துக் கட்டினார். இல்லாவிட்டால் மேல் கதவு தானே இறங்கிவிடும். கையோடு விளிம்பில் காற்று நுழையாமலிருக்க பிரஷ் பட்டையும் ஒட்டினார். உண்மையைச் சொன்னால், குளிர் குறைந்ததில் பாதிப் புகழ் அந்தப் பட்டைக்குத்தான்.

பழுது கண்டுபிடித்த விதம் இது. காலையில் எழுந்தால் எல்லாக் கண்ணாடியிலும் ஓரமாக மட்டும் ஈரம் கோர்த்திருக்கும், நடுவில் பளிச்சென்று இருக்கும். ஓரத்தில் இரண்டு கண்ணாடியும் ஒன்றாக உருகி ஒட்டியிருப்பதால் குளிர் அங்கே சுற்றி வந்துவிடுகிறது. அதற்காகத்தான் சட்டத்தில் கண்ணாடி உட்காரும் தாடையை ஆழமாக வைத்து ஓரத்தை மரத்துக்குள் புதைக்கச் சொல்கிறார்கள். டிசம்பரில் ஒருநாள் ஒரு கண்ணாடியில் மட்டும் நடுவிலும் பனி படர்ந்திருந்தது. உள்ளங்கையை வைத்தேன், சில்லென்றது. பக்கத்துக் கண்ணாடி வெதுவெது. வேக்வம் போய்விட்டது. விற்றவர்கள் முதலில் 'உங்கள் வீட்டில் சமையல் ஆவி அதிகம்' என்றார்கள். சாம்பார் ஆவி ஒரு கண்ணாடியை மட்டும் தேடிப் பிடிக்குமா? நாலு கடிதத்துக்குப் பிறகு மாற்றித் தந்தார்கள்.

இப்போது உன் கஸ்டமர். கணக்கை எளிதாகப் போடுவோம். இங்கே உள்ளே 20 டிகிரி, வெளியே 0. ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் போகும் என்பதுதான் யு-வேல்யூ. ஒற்றைக் கண்ணாடிக்கு அது ஏறக்குறைய 5.8, சதுர மீட்டருக்கு 116 வாட் ஓடிப்போகும். வேக்வத்துக்கு 1 என்று வை, 20 வாட். லாபம் கண்கூடு. கோவையில் பகலில் வெளியே 36, ஏசி 25 என்றாலும் வித்தியாசம் பதினொன்றுதான். ஒற்றைக் கண்ணாடியின் 64 வாட், வேக்வத்தில் 11 ஆகும். அவர் ஏசி போடுவதே ராத்திரி படுக்கையறையில் என்றால் வித்தியாசம் இன்னும் சுருங்கிவிடும். ஆனால் மேற்கு ஜன்னலில் மாலை வெயில் சதுர மீட்டருக்கு 600 வாட் அடிக்கும். குளிர் நாட்டுக்கென்று செய்த வேக்வம் கண்ணாடி அதில் பாதிக்கு மேல் உள்ளே விட்டுவிடும், ஏனென்றால் இங்கே எங்களுக்கு வெயில் வேண்டும்! ஐம்பத்து மூன்று வாட்டைத் தடுக்கப் பணத்தைக் கொட்டிவிட்டு முந்நூறை வரவேற்கிற கதை. மேற்கே ஜன்னலைச் சிறிதாக்கி, அகலமாக சன்ஷேட் இறக்கி, வெளிப்பக்கம் மூங்கில் தட்டியோ மரமோ வைக்கச் சொல். அதற்கு மேலும் கண்ணாடிதான் வேண்டுமென்றால் வெயில் தடுக்கும் பூச்சுள்ள டபுள் கிளேசிங், நீயே செய்து தருவாய். அவர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனால் போகட்டும். இரண்டு வருஷத்தில் திரும்பி வருவார்.

கெட்டுப்போன கண்ணாடியை அவர்களிடம் கொடுக்காமல் நான் வாங்கி வைத்துக்கொண்டேன். போன ஞாயிறு துண்டில் சுற்றி உடைத்துப் பார்த்தேன். அந்தப் பொட்டுகள் கசகசாவை விடப் பொடி. ஒரு முப்பது பொறுக்கித் தீப்பெட்டியில் போட்டிருக்கிறேன். மார்ச்சில் வரும்போது கொண்டுவருகிறேன். வெள்ளைக் காகிதத்தில் கொட்டினால்தான் கண்ணுக்குத் தெரியும். பார்க்கும்போது தும்மிவிடாதே.

உன்,
ராஜு