பீட்டிலும் ஒற்றை பெல்ட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் இதழில் வந்த ஃபோக்ஸ்வேகன் வரலாற்றுக் கட்டுரையில் அந்நிறுவனத்தின் பீட்டில் காரின் எஞ்சினைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது வருத்தமே. 1945-இல் பிரிட்டிஷ் மேஜர் ஐவன் ஹர்ஸ்ட் ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க் ஆலையை மீட்டது முதல், 2003-இல் மெக்சிகோவின் புவேப்லாவில் கடைசி வண்டி இறங்கும்வரை மாறாதது, எஞ்சினைத் தண்ணீரால் அல்லாமல் காற்றால் குளிர்விக்கும் அந்தக் காற்றுக் குளிர்ச்சிதான்.

பெங்களூரு நெரிசலில் பழைய பீட்டில் ஓட்டுவோர் கவனிக்க: மின்சாரம் தரும் டைனமோவையும் எஞ்சினின் குளிர்விசிறியையும் சுழற்றுவது ஒரே பெல்ட். ஓடும்போது டைனமோவின் சிவப்பு விளக்கு எரிந்தால் அங்கேயே எஞ்சினை அணையுங்கள். பெல்ட் அறுந்திருந்தால் விசிறியும் நின்றிருக்கும். மெக்கானிக் கடைவரை போய்விடலாம் என்று ஓட்டினால் எஞ்சினே போய்விடும். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 15 மி.மீ. இறங்கலாம். அதைவிடத் தளர்ந்தால், டைனமோ புல்லியின் (பெல்ட் ஓடும் சக்கரம்) இரு பாதிகளுக்கு இடையிலுள்ள வாஷர் ஒன்றை எடுத்து வெளிப்பக்கம் மாட்டுங்கள், பெல்ட் இறுகும். தூக்கி எறியாதீர்கள், புது பெல்ட்டுக்கு அது வேண்டும். எஞ்சின் ஆயில் இரண்டரை லிட்டர்தான், வாரம் ஒருமுறை ஆயில் அளவுகோலைப் பாருங்கள்.

இப்படிக்கு,
பழைய கார் ஆர்வலர்கள் சிலர்,
அல்சூர், பெங்களூரு