பேத்தி என்ன படிக்கலாம்?

பாளையங்கோட்டை

அன்புள்ள பேச்சிமுத்துவுக்கு,

உன் கடிதம் போன மாதமே வந்துவிட்டது. வலது கண்ணில் புரை எடுத்திருக்கிறேன், இப்போதுதான் எழுதப் படிக்க விட்டிருக்கிறார்கள். அங்கே தாராவியில் மழை எப்படி? மதினிக்கு முட்டுவலி குறைந்ததா?

பேத்தி பிளஸ் டூ முடித்துவிட்டாள், டி.வி., பத்திரிகை, இல்லாவிட்டால் டெலிகாம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள், எதில் சேர்க்கட்டும் என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரிந்த ஆட்கள் எதைப் படித்துவிட்டு எந்த வேலைக்கு வந்தார்கள் என்பதை முதலில் சொல்கிறேன். பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

நான் வேலை பார்த்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சையே எடுத்துக்கொள். ஆபரேட்டர்களை எஸ்.எஸ்.எல்.சி. மார்க் பார்த்து எடுத்தார்கள். வேலைக்கு வந்த அப்புறம் அக்காமார் பலர் தபால் வழியில் எம்.ஏ. முடித்தார்கள். தமிழ், வரலாறு, பொருளாதாரம் என்று ஆளுக்கொன்று. வெளியூர் அழைப்புகளை இணைக்கிற ட்ரங்க் போர்டில் “கோவில்பட்டி, லைன்லயே இருங்க” என்று சொல்வதற்கு அதில் எதுவுமே தேவைப்படவில்லை. என்னைப் போன்ற ஜூனியர் எஞ்சினியர்களுக்குக் கணக்கும் பிசிக்ஸும் படித்த பி.எஸ்ஸி. போதும் என்றிருந்தது. ஜபல்பூருக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு அந்தப் பதவி ஜூனியர் டெலிகாம் ஆபீசர் (ஜே.டி.ஓ.) ஆனது, பி.இ. கேட்க ஆரம்பித்தார்கள்.

ஜபல்பூர் வகுப்பில் கேட்ட ஒரு கதை இன்னும் மறக்கவில்லை. அந்தக் காலத்து எக்ஸ்சேஞ்சில் இரவெல்லாம் தடதடவென்று அடிக்குமே, அழைப்பைத் தானாகவே இணைக்கிற ஸ்ட்ரோஜர் சுவிட்ச், அதைக் கண்டுபிடித்த அமெரிக்கர் எஞ்சினியரே கிடையாது. சவ அடக்கத் தொழில் நடத்தியவர். தனக்கு வரவேண்டிய சாவு வீட்டு அழைப்புகளை ஊர் ஆபரேட்டரம்மா போட்டிக்காரனுக்குத் திருப்பிவிடுகிறாள் என்று அவருக்குச் சந்தேகமாம். ஆபரேட்டரே இல்லாமல் செய்துவிட்டால் என்ன என்று யோசித்தவர், 1891இல் காப்புரிமை வாங்கிவிட்டார். நம் இலாகா விதிப்படி பார்த்தால் மனுஷனுக்கு இன்டர்வியூ கார்டுகூட வந்திருக்காது!

வானொலி நிலையம் வேறு மாதிரி. 1963இல் இங்கே நிலையம் வந்ததிலிருந்து நிகழ்ச்சிப் பக்கம் தமிழ் எம்.ஏ.க்களுக்குக் குறைவே இருந்ததில்லை. ட்ரான்ஸ்மிட்டர் பக்கம் எலக்ட்ரானிக்ஸ், டிப்ளமோ. அறிவிப்பாளருக்குப் பட்டத்தோடு குரல் தேர்வும் உண்டு, அங்கேதான் பலர் தோற்பார்கள். உழவர் நிகழ்ச்சிக்கென்று வேளாண்மை படித்தவர்களை எடுத்தார்கள் பார், அது கெட்டிக்காரத்தனம். வாழையில் வாடல் நோய் வந்தால் களக்காட்டு விவசாயியிடம் என்ன கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். மைக் பிடிப்பதை நாலு நாளில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

பத்திரிகையைப் பற்றி உனக்குத் தெரியாததா. 1942இல் மதுரையில் தந்தி பத்திரிகையைத் தொடங்கிய ஆதித்தனார் நம் காயாமொழிக்காரர், லண்டனில் சட்டம் படித்த பாரிஸ்டர். பத்திரிகை வேலைக்கு வருகிறவர்களுக்காக ஒரு கையேடே எழுதினார். 1957இல் திருவனந்தபுரத்திலிருந்து தினமலர் இங்கே வந்த காலத்திலும் நம் பக்கத்தில் பத்திரிகைத் தொழிலுக்குக் கல்லூரி ஏது? வந்தவர்கள் மேசையில் உட்கார்ந்துதான் கற்றார்கள்.

இப்போது நிலைமை மாறிவிட்டது. நம் சேவியர் கல்லூரியிலேயே விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல், இருக்கிறது. அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் துறை இருக்கிறது. விஸ்காம் பிள்ளைகளின் கையில் கேமரா பேசுகிறது, அதில் எனக்குக் குறையே இல்லை. என் குறை வேறு. போன மழைக்கு ஒரு சேனலில் ஒரு பையன் அணை முன்னால் நின்று, “பாபநாசம் அணையில் தற்போது 10,000 கனஅடி தண்ணீர் இருக்கிறது” என்றான். அவ்வளவுதான் இருக்கிறது என்றால் இருபத்தைந்து தண்ணி லாரியில் ஏற்றிவிடலாமே வே! அந்த அணையின் கொள்ளளவு 5,500 மில்லியன் கனஅடி. அவன் சொல்ல வந்தது வினாடிக்கு 10,000 கனஅடி வெளியேறுவதை. ஆற்றங்கரையில் வீடு இருக்கிறவனுக்கு இந்த வித்தியாசம் உயிர் சமாச்சாரம். படம் என்னவோ பிரமாதமாக இருந்தது.

டெலிகாமில் வேறு கூத்து. பி.எஸ்.என்.எல்.லில் 2020 ஜனவரி கடைசியில் ஒரே நாளில் 78,000 பேருக்கு மேல் விருப்ப ஓய்வில் போய்விட்டார்கள். இப்போது பெரும்பாலும் ஒப்பந்தப் பையன்கள்தான். எங்கள் தெருவுக்கு ஃபைபர் இழுக்கிற பையன் பி.ஏ. வரலாறு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த வெள்ளத்துக்கு அப்புறம் அவன் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சேறு படிந்த கேபிளை உரித்து நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று வரிசை மாறாமல் பிரித்தான். மேல்பூச்சை வழித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, நுனியை வெட்டி ஸ்பிளைசிங் மெஷினில் வைத்தான். திரையில் இரண்டு இழைகளும் நேருக்கு நேர் வந்து, ஒரு பொறி அடித்து ஒட்டிக்கொண்டன. ஒட்டில் ஒளி இழப்பு 0.02 டெசிபல் என்று காட்டியது. “0.05 தாண்டினா வெட்டிட்டுத் திரும்பப் போடுவேன் சார்” என்றான். டெசிபல் என்றால் என்ன என்று கேட்டேன். சிரித்துவிட்டு, “கம்மியா இருந்தா நல்லது” என்றான். கை சுத்தம், ஆனால் படிப்புத் தாள் இல்லாததால் எந்தக் கம்பெனியிலும் சூப்பர்வைசர் ஆக மாட்டான். அது எனக்கு வருத்தம்தான்.

ஆகவே பேத்திக்கு டெலிகாமில் மனசு இருந்தால் யோசனையே வேண்டாம், ஈ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ், தகவல் தொடர்பு எஞ்சினியரிங்) சேர்த்துவிடு. அங்கே தாள் இல்லாமல் ஓர் அளவுக்கு மேல் ஏற விடமாட்டார்கள். செய்திதான் வேண்டும் என்றால் நேராக விஸ்காமில் போடாதே. மூன்று வருஷம் பொருளாதாரமோ வரலாறோ புள்ளியியலோ, ஏதாவது ஒன்றை உருப்படியாகப் படிக்கட்டும். இதழியல் எம்.ஏ.வுக்கு எந்தப் பட்டமும் செல்லும், அப்புறம் சேர்ந்துகொள்ளலாம். சினிமா, கேமரா, எடிட்டிங் என்றால் மட்டும் விஸ்காம் சரி. அவளே இன்னும் முடிவு பண்ணவில்லை என்று உன் எழுத்திலிருந்து தோன்றுகிறது.

அவள் எந்த குரூப் எடுத்தாள் என்று நீ எழுதவே இல்லை. கணக்கு இல்லாத குரூப் என்றால் நான் ஈ.சி.இ. பற்றிச் சொன்னதை அழித்துவிடு. குரூப்பையும் மார்க்கையும் வாட்ஸ்அப்பில் போடச் சொல். லீவு மிச்சம் இருந்தால் இங்கே ஒரு வாரம் அனுப்பு, அபிஷேகப்பட்டிக்கு நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன். வரும்போது மதினி போடுகிற எலுமிச்சை ஊறுகாய் கொஞ்சம் கொடுத்துவிடு.

அன்புடன்,
சங்கரன்